யார்க்‌ஷயர் கல்வீட்டில் ஒரு வாரம்: பதிவு செய்யும் முன்பும் தங்கும்போதும் தெரிந்திருக்க வேண்டியவை

வடக்கு யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல், ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குகளில் பண்ணைக் குடும்பங்கள் பலவும் தங்கள் வீட்டை ஒட்டிய பழைய கல்வீட்டையோ, மாட்டுக்கொட்டிலைத் திருத்திக் கட்டிய வீட்டையோ விடுமுறைக்கு வாடகைக்கு விடுகின்றன. உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுபவரும், படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுபவரும், விறகு பிளந்து வைப்பவரும் ஒரே குடும்பத்தினர்தான். வரவேற்பு மேசை கிடையாது, இரவுப் பணியாள் கிடையாது. வெந்நீர் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் சமயத்தில் இது மிக நல்ல ஏற்பாடு. மூன்று ஓட்டல் அறைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் முழு வீடு கிடைக்கும். சொந்தச் சமையல் உண்டு, பிள்ளைகள் ஓடித் திரியத் தோட்டம் உண்டு. ஆனால் அந்த வீடு 200, 300 வருடம் பழையதாக இருக்கும். அதன் வெப்பம், தண்ணீர், கழிவுநீர், அடுப்பு எல்லாமே நகரத்து ஃபிளாட்டிலிருந்து வேறுபட்டவை. விடுமுறை கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். பதிவு செய்யும் முன் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்காமல் விட்டிருப்பார்கள்.

எந்த வாரம்

பெரும்பாலான வீடுகள் வெள்ளி முதல் வெள்ளி, அல்லது சனி முதல் சனி என்று வாரக்கணக்கில்தான் போகும். மாலை 4 மணிக்கு உள்ளே, காலை 10 மணிக்கு வெளியே. நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் அந்தக் குடும்பம் முழு வீட்டையும் சுத்தம் செய்கிறது. அதனால் இரண்டு மணிக்கே வரலாமா என்று கேட்டால் மாட்டேன் என்பார்கள். கூட்டம் குறைந்த மாதங்களில் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவும், திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவும் தருவார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே விலை. வேலைக்கு விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு நான்கு இரவுதான் லாபம்.

ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பள்ளி விடுமுறை. விலை உச்சத்தில் இருக்கும். மே கடைசி, அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு ஆகியவற்றில் வரும் அரைப்பருவ விடுமுறை வாரங்களும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஜூன் மாதமே சிறந்தது. இரவு ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். ஸ்வேல்டேலில் உள்ள மியூக்கர் ஊரின் புல்வெளிகள் முழுக்கப் பூத்திருக்கும். ஜூலையில் உலர்புல்லுக்காக அவற்றை அறுத்துவிடுவார்கள். அந்த வயல்களின் குறுக்கே கல்பலகை பாவிய ஒற்றையடிப் பாதை போகிறது. அதில் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். அந்தப் புல்தான் ஆடுமாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம், மிதித்தால் அறுக்க வராது.

டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். நெருப்பருகே உட்காரத்தான் போகிறோம் என்றால் அதுவும் அருமையான காலம், விலையும் கோடையின் பாதிக்கு அருகில் இறங்கும். குளிர்காலத்தில் விலை பேசவும் இடமுண்டு. இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், ஒரு விடுமுறை வீடு வணிக வரிப் பட்டியலில் இருக்க வேண்டுமானால் முந்தைய 12 மாதங்களில் 140 இரவு வாடகைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். அதில் 70 இரவாவது உண்மையிலேயே ஆள் தங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சில் (உள்ளூராட்சி) வரிக்குள் தள்ளப்படும். இரண்டாம் வீடுகளுக்கு அந்த வரியை இரட்டிப்பாக்கும் அதிகாரம் 2025 ஏப்ரல் முதல் கவுன்சில்களுக்கு வந்துவிட்டது. ஆகவே நவம்பரிலோ ஜனவரியிலோ வெறுமனே கிடக்கும் நான்கு இரவுக்கு மரியாதையாக ஒரு விலை கேட்டால் சிறு குடும்பங்கள் யோசிக்கும். ஆகஸ்டில் கேட்க வேண்டாம்.

ஏப்ரல் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் மாதம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கர்ப்பிணிகள் குட்டி போடும் ஆடுகளின் அருகிலோ புதிதாகப் பிறந்த குட்டிகளின் அருகிலோ போகக் கூடாது, பண்ணைத் துணிகளைத் தொடவும் கூடாது என்பது இங்கிலாந்துச் சுகாதாரத் துறையின் அறிவுரை. அவற்றிலிருந்து தொற்றும் கிருமிகள் கருவைப் பாதிக்கும். வீடு பண்ணைக்குள்ளேயே இருந்தால் அந்த மாதத்தைத் தவிர்ப்பதே நல்லது.

பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் “6 பேர் தூங்கலாம்” என்று இருந்தால் அதில் இருவருக்கு வரவேற்பறைச் சோபாவே படுக்கையாக இருக்கலாம். எத்தனை தனி அறை, எத்தனை கட்டில் என்று கேளுங்கள். அடுத்து கழிப்பறை எந்த மாடியில் என்று கேளுங்கள். பழைய கல்வீடுகளில் குளியலறை கீழே சமையலறைக்குப் பின்னால் ஒட்டுக்கட்டாக இருக்கும், படுக்கையறைகள் மேலே இருக்கும். நடுவில் இருக்கும் படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்தாக, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், சில வீடுகளில் அதுவும் இல்லாமல் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர் இரவில் இரண்டு முறை எழுந்திருப்பவர் என்றால் இந்த ஒரு விஷயத்துக்காகவே வேறு வீடு பார்க்கலாம். படிக்கட்டின் புகைப்படம் விளம்பரத்தில் இருக்காது. அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். உத்தரங்களும் வாசல் நிலையும் தாழ்வாக இருக்கும். ஆறடி உயரக்காரர் அதையும் கேட்பது நல்லது.

பல வீடுகளில் பெரிய கட்டில் என்பது இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஜிப் போட்டு இணைத்தது. பிரித்துப் போட வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். விரிப்புகள் அளவு வேறு என்பதால் வந்த பிறகு சொன்னால் நடக்காது. குழந்தைத் தொட்டில் தருவார்கள், அதற்கான விரிப்பு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். ஆறு பேர் வீட்டில் ஒன்பது பேர் தூங்கினால் வீட்டுக்காரரின் காப்பீடு செல்லாமல் போகலாம். செப்டிக் டேங்கும் அத்தனை பேரைத் தாங்காது. பகலில் உறவினர் வந்து போவதைக்கூட முன்பே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வெப்பத்துக்கு எது எரிபொருள், அது வாடகையில் அடங்குமா, கைபேசி சிக்னல் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும், சமையல் அடுப்பு எந்த வகை, காரை எங்கே நிறுத்துவது, கடைசி அரை மைல் பாதை தார்ச்சாலையா மண்பாதையா: இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதில் வரும் விதத்திலேயே வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

பணம்

வழக்கமாக வாடகையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை முன்பணம், மீதி ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன். இணையத்தில் பொருள் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற உரிமை இங்கே இல்லை. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்தை 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன. ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்காரரின் நிபந்தனைகளே தீர்மானிக்கும். “அந்த வாரம் வேறு யாருக்காவது போனால் பணம் திரும்பத் தருகிறேன்” என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையான குடும்பங்கள் பலவும் அதை எழுதியே வைத்திருக்கும்.

100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான செலவை வீட்டுக்காரருக்கே நேரடியாகக் கிரெடிட் கார்டில் செலுத்தினால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. இடைத்தரகர் வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். சிறு குடும்பங்கள் கார்டு வாங்காமல் வங்கிப் பரிமாற்றம் கேட்பதும் உண்டு. அப்போது போலி விளம்பரமா என்று சோதிக்காமல் அனுப்ப வேண்டாம். படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தால் வேறு ஊர் வீட்டின் படம் திருடப்பட்டிருந்தால் அகப்பட்டுவிடும். வீட்டுக்காரருடன் தொலைபேசியில் பேசுங்கள். அருகில் எந்தத் தேநீர்க்கடை, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், அந்த ஊரிலேயே வாழ்பவர் யோசிக்காமல் சொல்வார். வங்கி காட்டும் கணக்குப் பெயர் ஒப்பந்தத்திலுள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.

போய்ச் சேருவது

லண்டனிலிருந்து வென்ஸ்லிடேலின் ஹாஸ் ஊர் ஏறத்தாழ 250 மைல். நெரிசல் இல்லாவிட்டாலும் காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கறிவேப்பிலை, துவரம்பருப்பு, தேங்காய், முருங்கைக்காய் எதுவும் பள்ளத்தாக்குக்குள் கிடைக்காது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வழியில் லீட்ஸிலோ பிராட்ஃபோர்டிலோ வாங்குங்கள். பால், காய்கறி, முட்டை, அரிசிக்கு நார்த்தாலர்டன், ரிச்மண்ட், லேபர்ன் ஊர்களில் நிறுத்தலாம். சூப்பர்மார்க்கெட் வண்டி நேராக வீட்டுக்கே வருமா என்று கேட்டு, வந்து சேரும் நாள் மாலை 5 மணிக்கு மேல் நேரம் குறித்துக்கொள்வது இன்னும் வசதி. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கவனிக்க: 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று காலை 10-க்கும் மாலை 6-க்கும் இடையில் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். நாலு மணிக்கு மூடிவிட்டார்கள் என்றால் வேறு வழியில்லை.

கிராமப்புறத்தில் ஒரு போஸ்ட்கோடு நான்கைந்து பண்ணைகளையும் ஒரு முழுக் குன்றையும் மூடியிருக்கும். போஸ்ட்கோடை மட்டும் நம்பிப் போனால் யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டியில் போய் நிற்பீர்கள். வீட்டுக்காரர் அனுப்பும் வழிக்குறிப்பைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து மைலில் சிக்னல் போய்விடும். சாவி, வாசலருகே எண்பூட்டுப் பெட்டியில் இருக்கும். அந்த எண்ணும் தாளில் இருக்கட்டும்.

சாலை ஒரு கார் அகலம்தான், இரு பக்கமும் சாந்து பூசாத கல்சுவர். நடுநடுவே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் புகுந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்று, எதிர் வண்டி அதில் புகுந்து போக இடம் கொடுங்கள். மேடேறி வரும் வண்டிக்கு முதலிடம். பின்னோக்கி ஓட்டத் தயங்குபவர் இந்தச் சாலைகளில் சிரமப்படுவார். ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகக் கூடாது. பால்வண்டியும் டிராக்டரும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. வேக வரம்பு சட்டப்படி மணிக்கு 60 மைல், ஆனால் பாதிக்கு மேல் போக முடியாது. ஹாஸையும் ஸ்வேல்டேலையும் இணைக்கும் பட்டர்டப்ஸ் கணவாயில் பனிக்காலத்தில் உறைபனி படியும். அப்போது சுற்றுவழியே நல்லது. இந்திய ஓட்டுநர் உரிமம் உள்ள சுற்றுலாப் பயணிகள் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை இங்கே கார் ஓட்டலாம்.

கார் இல்லாமலும் முடியும், ஆனால் திட்டமிட வேண்டும். 1876-இல் பயணிகளுக்குத் திறந்த செட்டில்–கார்லைல் ரயில்பாதையில் கார்ஸ்டேல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஹாஸ் ஆறு மைல். ஊர்மக்களே நடத்தும் லிட்டில் ஒயிட் பஸ் இரண்டையும் இணைக்கிறது. நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள், மாற்றிச் செய்ய வேண்டாம். நிலையத்தின் பெயரைப் பார்த்து வீடு எடுப்பது ஆபத்து. டென்ட் நிலையம் டென்ட் ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி, மலைமேல் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

வெந்நீரும் வெப்பமும்

இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் எரிவாயு இல்லை. தோட்டத்து மூலையில் பச்சை நிறத் தொட்டி இருந்தால் மண்ணெண்ணெய் பாய்லர். சுவரோரம் தடித்த செவ்வகப் பெட்டிகள் இருந்தால் மின் ஸ்டோரேஜ் ஹீட்டர். இந்த இரண்டாவது வகைதான் எல்லோரையும் குழப்புகிறது. அதனுள் இருக்கும் செங்கற்கள் இரவு மலிவு மின்சாரத்தில் சூடேறி, பகலில் அந்த வெப்பத்தை விடுகின்றன. மேலே இரண்டு குமிழ் இருக்கும். ஒன்று, இன்றிரவு எவ்வளவு சேமிப்பது. மற்றொன்று, சேமித்ததை எவ்வளவு வேகமாக விடுவது. மாலை ஆறு மணிக்குக் குளிர்கிறதே என்று முதல் குமிழைத் திருகினால் அப்போது ஒன்றும் நடக்காது, நாளைக்குத்தான் தெரியும். இரண்டாவது குமிழைக் காலையில் முழுக்கத் திறந்துவிட்டால் மதியத்துக்குள் வெப்பம் தீர்ந்துபோய், பெரியவர்கள் உட்காரும் மாலையில் பெட்டி ஆறிக் கிடக்கும். பகலில் அதைக் குறைத்து, மாலையில் கூட்டி, படுக்கும் முன் மறுபடி குறைத்தால் போதும்.

எண்ணெய் பாய்லர் வீட்டில் வெப்பம் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் என்று டைமரில் ஓடும். ஒவ்வொரு ரேடியேட்டர் பக்கத்திலும் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வு இருக்கும். அதை 5-க்குத் திருகினால் சீக்கிரம் சூடாகாது, கடைசியில் அதிகம் சூடாகும், அவ்வளவுதான். 3 போதும். டைமரின் நடுவே கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்ட எந்தப் பொத்தான் என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கல்சுவர் இரண்டடி தடிமன், ஆறிப்போனால் சூடாக ஒரு நாள் பிடிக்கும். ஆகவே வெளியே போகும்போது முழுக்க அணைக்காதீர்கள்.

வெந்நீர்க் கணக்கு எளிது. 150 லிட்டர் தொட்டி, நீர் 60 டிகிரி என்று கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 80 லிட்டர். அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 50 லிட்டர், தொட்டியின் சுடுநீர். மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் தொட்டி காலி. தொட்டிக்குள் இருக்கும் 3 கிலோவாட் மின்சூடேற்றி (இம்மர்ஷன் ஹீட்டர்) அதை முழுக்க மறுபடி சூடாக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆறு பேர் உள்ள குடும்பம் பாதிப் பேரை இரவிலும் மீதியைக் காலையிலும் குளிக்க வைத்தால் யாருக்கும் குளிர்நீர் வராது. இம்மர்ஷன் சுவிட்ச் பெரும்பாலும் துணி அலமாரிக்குள் சிவப்பு விளக்கோடு இருக்கும். சுவரில் பெட்டி போல மாட்டிய மின் ஷவராக இருந்தால் தொட்டிக் கவலை இல்லை. ஆனால் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால்தான் அதற்கு மின்சாரம் வரும். “ஷவர் ரிப்பேர்” என்று அழைப்பவர்களில் பலர் அந்தக் கயிற்றை இழுக்காதவர்கள். குளியலறைக்குள் சாதாரண மின்செருகி இருக்காது, முடி உலர்த்தி படுக்கையறையில்தான்.

பண்ணை வீடுகளில் சில ஊற்றுநீரையோ ஆழ்குழாய் நீரையோ பயன்படுத்துகின்றன. வடிகட்டியும் புற ஊதா விளக்குக் குழாயும் அதைச் சுத்தம் செய்யும். அந்தப் பெட்டியின் சுவிட்சைக் கைபேசி சார்ஜருக்காக யாரும் அணைத்துவிடக் கூடாது. விளக்கு அணைந்தால் கிருமி சாகாது. பெருமழைக்குப் பின் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தால் உடனே சொல்லுங்கள். கைக்குழந்தையின் பாலுக்குக் கொதிக்க வைத்த நீரே நல்லது.

விறகு ஸ்டவ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காற்று வரும் வால்வுகள் எல்லாவற்றையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். கீழே இரண்டு விறகு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் பத்து சுள்ளி, உச்சியில் ஒரு பற்றவைக்கும் கட்டி. மேலிருந்து கீழாக எரியட்டும். புகை குறையும், புகைபோக்கி சீக்கிரம் சூடாகும். கதவை ஐந்து நிமிடம் ஒரு விரலளவு திறந்து வையுங்கள். விறகு நன்றாகப் பிடித்ததும் கதவை மூடி, அடிக்காற்றை அடைத்து, மேற்காற்றில் ஓட்டுங்கள். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சிறு மூட்டைகளில் விற்கும் விறகுக்கு இங்கிலாந்தில் 2021 மே முதல் இது விதி. வெளியே குவிந்து கிடக்கும் விறகை எடுத்து எரித்துவிடாதீர்கள், அது அடுத்த வருடத்துக்கு உலர்ந்துகொண்டிருப்பதாக இருக்கலாம். இரவு முழுக்கத் தணலாகக் கிடக்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது பெரும் தவறு. தார் படிந்து புகைபோக்கி தீப்பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பும். அதற்கான அலாரத்தின் சோதனைப் பொத்தானை வந்த அன்றே அழுத்திப் பாருங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். ஆறியது போலத் தெரிந்தாலும் ஒரு நாளுக்கு மேல் உள்ளே கனல் இருக்கும், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டக் கூடாது.

நம் சமையலும் அவர்கள் சமையலறையும்

அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் சூடாகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். தோசைக்கல் இரும்பு என்றால் வேலை செய்யும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும்; கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். மிக்ஸியின் வட்டமுனைப் பிளக் இங்கே நுழையாது. மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், இரண்டும் ஏறக்குறைய நம் ஊரில் உள்ளவைதான். ஆகவே எர்த் உள்ள, 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட அடாப்டர் இருந்தால் போதும். செருகிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சையும் போட வேண்டும்.

சில பண்ணை வீடுகளில் ஆகா என்ற வார்ப்பிரும்பு அடுப்பு எப்போதும் சூடாகவே நிற்கும். குமிழ் கிடையாது. அதிகச் சூட்டுத் தட்டு, மிதச் சூட்டுத் தட்டு என்று இரண்டு, கீழே வெவ்வேறு சூட்டில் அறைகள். சோற்றுக்கு அரிசியை அதிகச் சூட்டுத் தட்டில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, மிதச் சூட்டு அறைக்குள் இருபது நிமிடம் வைத்தால் உதிரியாக வெந்துவிடும். தட்டுகளின் மூடியைத் திறந்தே வைத்தால் வெப்பம் ஓடிவிடும். ஒரு பெரிய சமையலுக்குப் பிறகு மீண்டும் சூடேற நேரம் பிடிக்கும். நாலைந்து குழம்பு, பொரியல் செய்வதானால் அறைகளுக்குள் வேகவைக்கும் வகைகளை முதலில் முடியுங்கள்.

தாளிப்பு தான் பெரிய பிரச்சினை. சமையலறையில் பெரும்பாலும் வெப்ப அலாரம், அது தாளிப்புக்கு அலறாது. வரவேற்பறையும் சமையலறையும் ஒன்றாகத் திறந்த வீடுகளில் அருகிலிருக்கும் புகை அலாரம் மிளகாய் கருகியதும் அலறும், எல்லா அறையிலும் சேர்ந்து அலறும். அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டுவது, பேட்டரி பிடுங்குவது கூடவே கூடாது. தூங்கும் பிள்ளைகளைக் காப்பது அதுதான். அடுப்பின் மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவதுதான். ஜன்னலைத் திறந்து, வரவேற்பறைக் கதவை மூடி, எண்ணெயைப் புகைய விடாமல் கடுகைப் போட்டு, மிளகாயைக் கடைசியில் சேர்த்தால் போதும். மீன் வறுவலை ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாம். கல்சுவரும் கம்பளமும் அந்த வாடையை வாரக்கணக்கில் விடாது. மஞ்சள் தூள் மரப் பலகையிலும் வெள்ளைக் கல்மேடையிலும் கறையாகிவிடும். ஒரு தட்டை வைத்து அதன்மேல் கரண்டிகளை வையுங்கள்.

செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் சாக்கடை பொதுக் குழாய்க்குப் போவதில்லை. தோட்டத்துக்கு அடியில் ஒரு தொட்டியில் பாக்டீரியாக்கள் கழிவைச் செரிக்கின்றன. ஈரத் துடைப்பான், நாப்கின், டயபர், சமையலறைத் தாள் எதையும் கழிப்பறையில் போடக் கூடாது. பாக்கெட்டில் “கரையும்” என்று எழுதியிருந்தாலும் போடக் கூடாது. பிளீச் ஊற்றினால் பாக்டீரியா சாகும். பொரித்த எண்ணெய் குழாய்க்குள் இறுகி வழியை அடைக்கும். ஆறவிட்டு ஜாடியில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள், சட்டியைத் தாளால் துடைத்த பிறகே கழுவுங்கள். குழம்புத் தட்டிலுள்ள கறிவேப்பிலை, பருப்பு, சோற்றை வடிகட்டியில் பிடியுங்கள். அடைப்பு வந்தால் முதல் அடையாளம் கழிப்பறையில் நீர் மெல்ல இறங்குவதும் வடிகுழாயில் குமிழ்ச் சத்தமும். அப்போதே வீட்டுக்காரரிடம் சொன்னால் காலையில் ஒரு கம்பியால் தீரும். ஞாயிறு இரவு வரை விட்டால் லாரி வர வேண்டியிருக்கும்.

ஊருக்குள்

பப்பில் சாப்பாடு இரவு எட்டரை, ஒன்பதுக்கு முடிந்துவிடும். சில பப்களில் திங்கள், செவ்வாய் சமையல் இல்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேசை சொல்லிவையுங்கள். யார்க்‌ஷயர் மீன் கடைகளில் பலவும் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. அதுதான் அவர்களின் பழைய வழக்கம். சைவர்களும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நடக்கப் போவதானால் 1:25,000 அளவுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம், எண் ஓஎல்30, இரு பள்ளத்தாக்குகளுக்கும் பொருந்தும். மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரையும் போகும் பாதை. கேட் திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே விட்டுச் செல்லுங்கள். கல்சுவர்மேல் ஏறாதீர்கள், சாந்து இல்லாததால் சரிந்துவிடும். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்துக்குள் புகாமல் சுற்றிப் போங்கள். நீளக் கால்சட்டை அணியுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லைம் நோய் அதிலிருந்துதான் வருகிறது.

ஹாஸிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறையாது. நார்த்தாலர்டனில் இருப்பது சிறு காயங்களுக்கான உடனடிச் சிகிச்சை மையம். பெரியவர்களின் மருந்தை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வைஃபை அழைப்பை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இயக்கிவிடுங்கள். தடித்த சுவருக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் 999 அழைக்க அது உதவும். மலையில் விபத்து என்றால் 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும்.

கிளம்பும் நாள்

கண்ணாடிக் குவளை உடைந்தால் உடைந்த அன்றே சொல்லுங்கள். பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள். மறைத்து வைத்த உடைந்த தட்டும், மஞ்சள் கறை தெரியாமல் திருப்பிப் போட்ட கம்பளமும்தான் வைப்புத்தொகையில் கை வைக்க வைக்கும். குப்பையைப் பிரிக்கும் முறை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். எந்த நிறத் தொட்டியில் எது என்பது சமையலறைக் கோப்பில் எழுதியிருக்கும். படுக்கை விரிப்பைக் கழற்றிப் போட வேண்டுமா என்றும் அதில் இருக்கும். சிலர் கறை பார்க்க வேண்டும் என்று கழற்றாமல் விடச் சொல்வார்கள். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வையுங்கள், அணைக்க வேண்டாம். சார்ஜர், குழந்தையின் பொம்மை, குளிர்பெட்டியில் மாவு டப்பா ஆகிய மூன்றும்தான் அதிகம் மறந்து விடப்படுபவை.

வீடு பிடித்திருந்தால் அதே வாரத்தை அடுத்த வருடத்துக்கு அப்போதே கேளுங்கள். பல குடும்பங்கள் பழைய விருந்தினருக்கு முதல் உரிமை கொடுத்த பிறகுதான் தேதிகளை வெளியே விடுகின்றன. ஏஜென்சி வழியாக வந்தவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபதிவும் அவர்கள் வழியாகத்தான் என்று சில ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்துகின்றன.